ஆடிட் மாமா

டெல்லி கரோல் பாக்கில், டபிள்யூ.இ.ஏ. சந்துகளுக்குள், பழைய தமிழ்க் குடும்பங்கள் மிச்சமிருக்கும் கட்டடங்களில் தேடினால் ஓர் ஆடிட் மாமா அகப்படுவார். மத்திய அரசின் தணிக்கைத் துறையில் பச்சை மையில் கேள்வி கேட்டே காலம் தள்ளியவர். ஓய்வுபெற்றது அவர் மட்டும்தான். பேனா இன்னும் சர்வீஸில் இருக்கிறது. இப்போது குடியிருப்போர் சங்கச் செயலாளர். பஞ்சாபி அண்டைவீட்டாருக்கு அவர் 'அய்யர் சாஹப்'. அவர் அய்யரா இல்லையா என்று யாரும் விசாரித்ததில்லை. மெட்ராஸ்காரர், கணக்குத் தெரியும், போதாதா?

வெளியே கிளம்பினால் கையில் ஒரு ரெக்சின் பை. அதற்குள் மூக்குக்கண்ணாடி, பிபி மாத்திரை, 1957-ஆம் வருஷத்து டெல்லி மாநகராட்சிச் சட்டம். "சாப்டாச்சா மாமா?" என்று கேட்டுப் பாருங்கள். மார்ச் 31-க்குள் மாநகராட்சி பட்ஜெட்டை நிறைவேற்றியாக வேண்டும் என்பது எந்தப் பிரிவில் வருகிறது என்று உங்களுக்குச் சொல்லிவிட்டுத்தான் சாப்பிடப் போவார்.

வாசலில் இருக்கும் பள்ளத்துக்கு அவர் எழுதாத கடிதமில்லை. 2012-ல் மாநகராட்சியை மூன்றாக உடைத்தார்கள்; கரோல் பாக் வடக்கின் பங்குக்குப் போனது. மாமா விலாசத்தில் 'வடக்கு' சேர்த்துக்கொண்டார். 2022 மே மாதம் மூன்றையும் மறுபடி ஒட்டினார்கள். 'வடக்கு'வை அடித்துவிட்டு, அடித்தலுக்குப் பக்கத்தில் சிறு கையெழுத்தும் போட்டார். பள்ளம் மட்டும் எந்த நிர்வாக மாறுதலுக்கும் அசையவில்லை.

2023 பிப்ரவரியில் மேயர் தேர்தல் முடிந்த ராத்திரி, மாநகராட்சியின் சிவிக் சென்டர் அவைக்குள் கவுன்சிலர்கள் தண்ணீர் பாட்டிலும் ஆப்பிளும் வீசிக்கொண்டதை ஊரே டிவியில் பார்த்துச் சிரித்தது. மாமா சிரிக்கவில்லை. "அந்த ஆப்பிளை எந்த ஹெட்ல புக் பண்ணுவா? வவுச்சர் இருக்கா?" என்றார். சண்டை நிலைக்குழு தேர்தலுக்காக. 18 பேர் கொண்ட அந்தக் குழுவின் கையில்தான் பணச்சாவி. அப்போது 5 கோடிக்கு மேற்பட்ட ஒப்பந்தத்துக்கு அதன் ஒப்புதல் வேண்டியிருந்தது. 2022 டிசம்பரில் 250 வார்டுக்கும் தேர்தல் நடந்தும், நிலைக்குழு ஒருவழியாக அமைந்தது 2025 ஜூனில். நாட்டின் தலைநகரத்துக்கு இரண்டரை வருஷம் நிலைக்குழு இல்லை. "நம்ம கமிட்டி ஒரு ஞாயித்துக்கிழமை தவறியிருக்கா, சொல்லுங்கோ!" என்பார் மாமா. தவறியதில்லைதான். நடந்தது என்ன என்பதுதான் கேள்வி.

ஒரு ஞாயிறு சங்கக் கூட்டத்துக்கு நானும் போயிருந்தேன். மாடிப்படிக்குக் கீழே ஸ்கூட்டர்களை ஓரங்கட்டிவிட்டு ஆறு பிளாஸ்டிக் நாற்காலி. பொருள்: ராத்திரி சௌக்கிதாருக்குப் புது விசில், ரூபாய் நாற்பது. பழைய விசில் என்னவாயிற்று என்று மாமா கேட்டார். உடைந்துவிட்டது. "உடைஞ்சதை ஒப்படைச்சானா?" இல்லை. அப்படியானால் எழுதித் தள்ளுபடி செய்யாமல் புதிது வாங்க முடியாது. மூன்றாம் மாடி சர்தார்ஜி, உதிரிபாகக் கடை வைத்திருப்பவர், பொறுமையிழந்து ஐம்பது ரூபாய் நோட்டை மேஜையில் போட்டார்: "அரே அய்யர் சாஹப், என் கணக்கு, ஆளை விடுங்கள்!" மாமா நோட்டைத் தொடவில்லை. தனிநபர் நன்கொடையைத் தொடர்செலவில் காட்டக் கூடாதாம். தவிர, மீதிப் பத்து ரூபாயை எங்கே வைப்பது? ஒரு மணி நேரம் கழித்துப் பொருளாளர் எழுந்து ராஜினாமா செய்தார். விசில் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. சௌக்கிதார் இன்றைக்கும் இரண்டு விரலை வாயில் வைத்துத்தான் ஊதுகிறான்.

ஆக்கிரமிப்பு என்றால் மாமாவுக்கு ஆகாது. 2019-ல் அஜ்மல் கான் ரோட்டில் வண்டிகளைத் தடுத்து நடப்பவர்களுக்கு விட்டபோது முதலில் கைதட்டியவர் அவர்தான். அவர் வீட்டு பால்கனி சந்துக்கு மேலே மூன்றடி நீட்டிக்கொண்டு, கம்பிக்கதவு போட்டு, பூஜை அறையாக இருக்கிறதே என்று கேட்டேன். "அந்த ஆப்ஜெக்‌ஷன் எப்பவோ டைம்-பார் ஆயிடுத்து!" என்றார், கண் சிமிட்டாமல்.

ஆனாலும் சொல்லியாக வேண்டும். வார்டு கவுன்சிலரின் அலுவலகத்தில் அவர் பையைக் கண்டாலே டீ வந்துவிடுகிறது. சமயத்தில் கவுன்சிலர் பின்வாசல் வழியாகப் போயும்விடுகிறார். எங்கள் சந்தில் மாநகராட்சி பட்ஜெட்டை அட்டை முதல் அட்டை வரை படித்தவர் அவர் ஒருவர்தான். கவுன்சிலர்களில் எத்தனை பேர் படித்திருப்பார்கள் என்று பந்தயம் கட்ட நான் தயாரில்லை.

கரோல் பாக்கில் வாடகைக்கு வீடு தேடும் தமிழ் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. மாமாவிடம் சொந்த ஊர், சம்பளம், ஜாதகம் எதை வேண்டுமானாலும் சொல்லுங்கள். படித்தது பி.காம். என்று மட்டும் வாய்தவறிச் சொல்லிவிடாதீர்கள். பொருளாளர் இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.