தோள் இடிக்கலாம், முதுகில் இடிக்கக் கூடாது

கேள்வி: கச்சிபௌலி ஸ்டேடியத்தில் மேட்ச் பார்த்தேன். ஆளும் ஆளும் மோதிக்கொண்டே இருக்கிறார்கள், ரெஃப்ரீ விசிலே ஊதுவதில்லை. இது ஃபுட்பாலா, மல்யுத்தமா? (கொண்டாப்பூர் வாசகி)

பதில்: மோதுவது குற்றமே இல்லையம்மா. பந்து எட்டும் தூரத்தில் இருந்தால் தோளோடு தோள் இடிக்கலாம். முதுகில் இடித்தால்தான் வம்பு. மோதினாரா என்பதைவிட எப்படி மோதினார் என்பதைத்தான் ரெஃப்ரீ பார்க்கிறார். கவனக்குறைவு என்றால் வெறும் ஃப்ரீ கிக். எதிராளிக்கு என்ன ஆகுமோ என்ற யோசனையே இல்லாமல் பாய்ந்தால் மஞ்சள் அட்டை. எலும்பு முறிகிற முரட்டு வேகம் என்றால் சிவப்பு. உதைக்கப் போய்க் கால் படாவிட்டாலும் ஃபவுல்தான். இடித்தும் தப்பலாம், தொடாமலும் மாட்டலாம். அமீர்பேட்டை சிக்னலில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இதெல்லாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

கே: "பந்தைத்தான் தொட்டேன்" என்று டிஃபெண்டர்கள் கையை விரிக்கிறார்களே, பொய்யா? (தார்நாக்கா)

ப: நிஜமாகவே தொட்டிருப்பார். பந்தைத் தொட்ட கையோடு ஆளையும் சாய்த்திருப்பார். பந்தைத் தொட்டால் மன்னிப்பு என்று சட்டத்தில் ஒரு வரிகூடக் கிடையாது.

கே: 2022-ல் ஹைதராபாத் எஃப்.சி. ஐ.எஸ்.எல். கோப்பை வாங்கியது ரெஃப்ரீ தயவால் என்கிறார் என் மலையாளி ரூம்மேட். (மாதாப்பூர்)

ப: இதை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். மார்ச் 20, கோவா ஃபதோர்டா. 1-1 டிரா, பெனால்டி ஷூட் அவுட். கேரளா பிளாஸ்டர்ஸின் நிஷு குமார் உதைத்ததை ஹைதராபாத் கோல்கீப்பர் கட்டிமணி தடுத்துவிட்டார். கீப்பரின் ஒரு காலாவது கோட்டில் இருக்க வேண்டும், முன்னால் வந்துவிட்டார், செல்லாது என்றார் ரெஃப்ரீ. நிஷு மறுபடி உதைத்தார், கட்டிமணி மறுபடி தடுத்தார். முடிவு 3-1. தயவு யார் பக்கம் இருந்ததாம்?

கே: ரஹீம் சாப் காலத்தில் இவ்வளவு அட்டைகள் உண்டா? (செகந்தராபாத் பெரியவர்)

ப: ஒன்றுகூட இல்லை ஐயா. அட்டைகள் 1970 உலகக் கோப்பையில்தான் வந்தன. யோசனை, கென் ஆஸ்டன் என்ற ஆங்கிலேய ரெஃப்ரீயுடையது. 1962-ல் சிலியும் இத்தாலியும் அடித்துக்கொண்ட ஆட்டத்தில் நடுவே நின்று திண்டாடிய மனிதர். அதே 1962-ல்தான் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் நம் ஹைதராபாத் ரஹீம் பயிற்சி தந்த இந்திய அணி தங்கம் வென்றது. தாய்லாந்து ஆட்டத்தில் மண்டை உடைந்து தையல் போட்டிருந்த ஜர்னைல் சிங்கை ஃபார்வர்டாக இறக்கினார் ரஹீம். தென்கொரியாவை 2-1 என்று வென்ற இறுதி ஆட்டத்தில் ஒரு கோல் ஜர்னைலுடையது. இன்றைக்கு என்றால் டாக்டர் ஓய்வறையிலேயே பூட்டி வைத்திருப்பார். அந்த அணியின் துளசிதாஸ் பலராம் உங்கள் ஊர் அம்முகூடாவில், தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். தெரிந்திருக்குமே?

கே: வி.ஏ.ஆர். என்கிற வீடியோ ரெஃப்ரீ வந்தால் சண்டை தீருமா? (மியாப்பூர்)

ப: பாதி தீரும். 2024 ஜூன் 11, தோஹாவில் கோட்டைத் தாண்டி வெளியே போன பந்தை உள்ளே இழுத்துக் கத்தார் கோல் போட்டது. வி.ஏ.ஆர். இல்லாத ஆட்டம், கோல் செல்லுபடியானது, இந்தியா 2-1 என்று தோற்று உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றிலிருந்து வெளியேறியது. அதைக் கேமரா நிமிடத்தில் காட்டிக்கொடுத்திருக்கும். ஆனால் தோள் இடி லேசா, பலமா என்று கேட்டால் கேமரா விழிக்கும். ஸ்லோ மோஷனில் எல்லா இடியுமே கொலை முயற்சி மாதிரிதான் இருக்கிறது.

கே: என் பையனுக்கு ஆட வரவில்லை, ஆனால் மைதானத்தில் எல்லாரையும் அதட்டுகிறான். என்ன செய்யலாம்? (குக்கட்பள்ளி)

ப: ரெஃப்ரீ பரீட்சை எழுத வையுங்கள். இந்திய அணி இதுவரை உலகக் கோப்பையில் ஆடியதில்லை. ஆனால் 2002 உலகக் கோப்பையில் லைன்ஸ்மேனாகக் கொடி பிடித்தவர் தமிழ்நாட்டுக்காரர், கே. சங்கர்.