தூருக்கு ஒரு விலை

கீரமங்கலம் பக்கம் முன்பெல்லாம் கொல்லையில் ஒரு மரத்தை வெட்டப்போகிறோம் என்றால், மர வியாபாரிக்கு முன்னால் தூருக்கு ஆள் வந்துவிடும். "அண்ணே, தூரை எனக்குச் சொல்லிருங்க" என்று டீக்கடையிலேயே பேச்சை முடித்துவிடுவார்கள். கூலி கிடையாது. கடப்பாரை, மண்வெட்டி, கோடாலியோடு இறங்கி, சுற்றிலும் மண்ணைப் பறித்து, பக்கவேர்களை நறுக்கி, தூரைப் புரட்டிப் போடுவார்கள். விறகு அவர்களுக்கு, குழியை மூடித்தர வேண்டும், அவ்வளவுதான் ஒப்பந்தம். புளியந்தூர் என்றால் அப்பா மேற்கொண்டு காசும் வாங்கிக்கொள்வார். பிளந்தவர் போன பிறகு சிதறிக் கிடக்கும் சிராய்களுக்கு எங்கள் அப்பத்தாவும் பக்கத்து வீட்டு அப்பத்தாவும் போட்ட சண்டை தனிக்கதை.

2018 நவம்பர் 16 அன்று, நள்ளிரவு தாண்டி வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயல் எங்கள் பக்கத்தையும் புரட்டிவிட்டுப் போனது. ஆலங்குடி, வடகாடு, கொத்தமங்கலம் எங்கும் தென்னையும் பலாவும் படுத்துக் கிடந்தன. விழுந்த தென்னை ஒன்றுக்கு அரசு 1,100 ரூபாய் அறிவித்தது: மரத்துக்கு 600, வெட்டி அகற்ற 500. காலமெல்லாம் காய்த்ததற்கும் ஒரே ராத்திரியில் விழுந்ததற்கும் நூறு ரூபாய்தான் வித்தியாசம்.

இடுப்பளவில் முறிந்த மரங்கள் தூரை மண்ணிலேயே விட்டுவிட்டன. "தூர் வேணுமாப்பா?" என்று நானே வீடு வீடாகக் கேட்டேன். "கேஸ் இருக்கே, வச்சு என்ன பண்ண?" என்றார்கள். ஜேசிபியைக் கூப்பிட்டேன். மணிக்கணக்கில் வாடகை, வந்து திரும்புகிற நேரமும் கணக்கில் சேரும். நாலு இழுப்பில் தூர் வெளியே வந்தது, கூடவே தண்ணீர்க் குழாயும். பிடுங்கியதை வேலியோரம் தள்ளிவிட்டு, "ஏத்திட்டுப் போக டிராக்டர் தனி சார்" என்றார் ஓட்டுநர்.

கிடந்தால் கிடக்கட்டும் என்றும் விட முடியாது. மக்குகிற தென்னந்தூரில் காண்டாமிருக வண்டு முட்டையிடும். தென்னையைத் தாக்கும் தஞ்சாவூர் வாடல் நோய் முதலில் கண்ணில் பட்டதே 1952 புயலுக்குப் பிறகுதான். அந்த நோயை உண்டாக்கும் பூஞ்சணம் நோய்ப்பட்ட மரத்தின் தூரிலும் வேரிலும் தங்கியிருந்து பக்கத்து மரத்துக்குப் போகும். அதனால் புதுக்கன்று வைக்கிறவர்கள் பழைய தூரை வேரோடு பறித்து எரித்துவிட்டு வையுங்கள்.

விறகடுப்பு வைத்திருப்பவர் யாராவது இருந்தால் என் கொல்லைக்கு வரலாம். டிராக்டர் வாடகை நான் தருகிறேன்.