டக் கேட்டுச்சுங்களா?

ஹோம் தியேட்டரில் சத்தம் வரவில்லை என்றால் சேலம், நாமக்கல் பக்கம் யாரும் முதலில் கம்பெனி சர்வீஸ் நம்பரைத் தேடுவதில்லை. "அண்ணனைக் கூப்புடு" என்பார்கள். எந்த அண்ணன் என்று கேட்க வேண்டியதே இல்லை. அம்மாபேட்டையில் ஒருவர் இருப்பார், குகையில் ஒருவர், ராசிபுரத்தில் ஒருவர். திருச்செங்கோட்டில் இருவர் இருந்தால் அந்த இருவருக்கும் பேச்சுவார்த்தை இருக்காது. பகலில் அவருக்கு வேறு பிழைப்பு. லாரிப் பட்டறையில் வயரிங் போடுவார், இல்லாவிட்டால் தறி மோட்டாருக்குக் காயில் கட்டுவார். பொழுது சாய்ந்ததும் சட்டைப்பையில் டெஸ்டரைச் செருகிக்கொண்டு, எந்த வீட்டிலாவது ஏதாவது கெட்டுப்போயிருக்காதா என்று காத்திருப்பார். காசு வாங்கமாட்டார். சிக்கலே அங்கேதான். காசு வாங்குகிறவனுக்கு வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போகவேண்டும் என்ற நினைப்பாவது இருக்கும்.

வந்தவர் செட்டைப் பார்க்கமாட்டார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேள்வி வந்துவிடும்.

"டக் கேட்டுச்சுங்களா?"

கேள்வி வெகு நியாயமானது. ரிசீவரை ஆன் செய்ததும் உள்ளே இருக்கும் காவல் சர்க்யூட் சில விநாடிகள் சோதனை போடும். ஸ்பீக்கருக்குப் போகிற வழியில் டி.சி. மின்சாரம் கசிகிறதா, எங்காவது ஷார்ட் ஆகியிருக்கிறதா என்று பார்க்கும். எல்லாம் சரி என்றால் ஒரு ரிலே 'டக்' என்று விழுந்து ஸ்பீக்கரை ஆம்ப்ளிஃபயரோடு சேர்த்துவிடும். சரியில்லை என்றால் டக் வராது. முகப்பில் 'புரொடெக்ட்' என்று மின்னும், அல்லது செட்டு தானே அணைந்துபோகும். ஆகவே டக் கேட்டும் சத்தம் இல்லை என்றால் கோளாறு பெரும்பாலும் வெளியே. இன்புட்டை யாரோ மாற்றியிருப்பார்கள், மியூட் விழுந்திருக்கும், கேபிள் கழன்றிருக்கும், ஹெட்போன் ஓட்டையில் எந்தக் காலத்திலோ செருகிய பின் அப்படியே கிடக்கும். இவ்வளவும் அண்ணனுக்கு நன்றாகத் தெரியும்.

"கேட்டுச்சுங்க."

"அப்பப் போர்டுதானுங்க."

கேட்கவில்லை என்று சொல்லியிருந்தாலும் போர்டுதான். மூடியைத் திறப்பது என்பது வீட்டை விட்டுக் கிளம்பும்போதே முடிவானது. நடுவில் நடப்பதெல்லாம் ஒரு மரியாதைக்கு.

அவர் ஒருவரை மட்டும் குறை சொல்ல முடியாது, இந்தச் சீமையின் வளர்ப்பே அப்படி. இங்கே எல்லாவற்றுக்கும் வைத்தியம் காதால்தான். நாமக்கல்லில் லாரி மெக்கானிக் நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை ஓடுகிற இன்ஜினில் ஊன்றி, பிடியைக் காதோடு ஒட்டி வைத்து, எந்த பேரிங் போயிருக்கிறது என்று சொல்லிவிடுவார். பள்ளிபாளையம், குமாரபாளையம் தறிக்காரர் இருபது தறி ஓடுகிற கொட்டகையில் உட்கார்ந்து, கண்ணை மூடியபடி, "மூனாவது தறியப் பாரு" என்பார். திருச்செங்கோட்டு போர்வெல் வண்டி இந்தியாவின் எந்த மூலையில் நின்று துளைபோட்டாலும், ரிக்கில் நிற்கிறவர் சுத்தியல் அடிக்கிற சத்தம் மாறுவதை வைத்துப் பாறை மாறியதைக் கண்டுபிடிப்பார். இப்பேர்ப்பட்ட ஊரில் போய், சத்தமே வராததுதான் வியாதி என்று ஒரு சாமானைக் கொண்டுவந்து வைத்தால் மனுசன் என்னதான் செய்வார்? காதை வைத்துப் பார்க்க எதுவும் இல்லை. திறந்துதான் பார்க்கவேண்டும்.

திறப்பதற்கு முன் வம்சாவளி சொல்லப்படும். 1935-இல் டி.ஆர். சுந்தரம் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸை ஆரம்பித்தார்; அந்தக் கம்பெனி நூற்றுக்கு மேல் படம் எடுத்தது. ஏற்காடு ரோட்டில் அதன் நுழைவு வளைவு இன்றும் நிற்கிறது. அந்த வளைவுக்குள் சவுண்டு டிபார்ட்மெண்டில் வேலை பார்த்த ஒரு பெரிய மாமன் நம் அண்ணனுக்கு உண்டு. எனக்குத் தெரிந்த எல்லா அண்ணன்களுக்கும் உண்டு. அத்தனை மாமன்களும் நிஜமாகவே அங்கே இருந்திருந்தால் சுந்தரம் கேமராவுக்கு முன்னால் நிறுத்த ஆள் தேடியிருப்பார்.

அவருடைய சொந்தப் படிப்பு 4440-இல் தொடங்கியது. அப்பா அம்மா பெயர் தெரியாதவனுக்கும் இங்கே அந்த நம்பர் தெரியும். எல்ஏ4440 என்கிற ஆம்ப்ளிஃபயர் ஐசி. பன்னிரண்டு வோல்ட் பேட்டரியில் ஓடும். பக்கத்துக்கு ஆறு வாட், பிரிட்ஜாகச் சேர்த்தால் பத்தொன்பது வாட். லாரி கேபினில் பாட்டுக் கேட்டவர்களில் பாதிப்பேர் அதன் புண்ணியத்தில்தான் கேட்டார்கள். அதை போர்டில் வைத்துச் சால்டரிங் அடித்து, மண்பானை வாயில் ஸ்பீக்கரைக் கவிழ்த்து, ஆடி நோம்பிக்கு மைக்செட் கட்டி வளர்ந்த கை அவருடையது. அந்தக் கைக்கு ரிமோட்டில் 'செட்டப்' பட்டனை அழுத்துவது ஒரு வேலையாகவே தோன்றாது.

பரமத்தி ரோட்டில் ஒரு லாரிக்காரர் வீட்டில் நடந்த வைத்தியத்தை உட்கார்ந்து பார்த்தேன். படம் ஓடுகிறது, சத்தம் இல்லை. நோயாளியின் கதை கேட்கப்பட்டது.

"ஒன்னுமே பண்ணலீங்க. நேத்து ராத்திரி வரைக்கும் நல்லாப் பாடிச்சுங்க."

இந்த வாக்குமூலம் எந்த வீட்டிலும் மாறாது. கெட்டுப்போன சாமானை யாரும் தொட்டிருக்கவே மாட்டார்கள். அண்ணன் திருகாணிகளைக் கழற்றி டீப்பாயில் வரிசையாக வைத்தார். மூடி எழுந்தது. உள்ளே தூசிப்படலம், இரண்டு பல்லி முட்டை, ஓர் எறும்புப் பாதை. வீட்டுக்காரர் முகம் சிறுத்துப்போனது. அண்ணன் முகம் மலர்ந்தது.

அப்புறம்தான் உண்மை ஒவ்வொன்றாகக் கசிந்தது. ஞாயிற்றுக்கிழமை ஒறம்பரை வந்திருந்தார்களாம். பையன் ஒருவன் தன் போனைச் செருகிப் பார்த்தானாம். காலையில் ஒட்டடை அடிக்கும்போது டிவியைச் சித்தெ நகர்த்தி வைத்தார்களாம். ஒரு கேபிள் கழன்று விழுந்ததாம், எடுத்து மறுபடி செருகிவிட்டார்களாம்.

"எதுல செருகுனீங்க?"

"ஓட்டையிலதானுங்க."

இங்கே வழக்கு முடிந்திருக்க வேண்டும். 2009-இல் எச்டிஎம்ஐ 1.4 வந்தபோது, டிவியின் சத்தம் அதே கேபிள் வழியாக ரிசீவருக்குத் திரும்பி வர ஏஆர்சி என்று ஒரு வழி வைத்தார்கள். டிவியின் முதுகில் மூன்று ஓட்டை இருந்தால் பெரும்பாலும் ஒன்றில்தான் அந்த வழி உண்டு. மற்றதில் செருகினாலும் படம் ஜம்மென்று வரும், சத்தம் ஊமையாகிவிடும். எது அந்த ஓட்டை என்பதைச் சுவரைப் பார்த்த பக்கத்தில், எறும்பெழுத்தில் அச்சடித்திருப்பார்கள். யார் படிப்பதற்கு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. மேனுவலில் படம் போட்டு விளக்கியிருப்பார்கள் என்பது உண்மைதான். மேனுவல் பீரோவில், கலியாணப் பட்டுப்புடவைக்கு அடியில், பத்திரமாக இருக்கும்.

அண்ணன் காதில் இதெல்லாம் ஏறவில்லை. ஸ்பீக்கர் வயரை உருவி, ரிமோட்டிலிருந்து ஒரு பேட்டரியைக் கழற்றி வயரின் இரு முனையிலும் தொட்டார். ஸ்பீக்கர் 'டப்' என்றது. "ஸ்பீக்கர் உசுரோட இருக்குதுங்க." ஆக்ஸ் பின்னில் விரலை வைத்தார். 'ஊங்ங்' என்று இரைந்தது. ஆம்ப்ளிஃபயரும் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். இரண்டும் உத்தமமான சோதனைகள், மின்சாரம் படித்தவர்களும் செய்வதுதான். இரண்டின் தீர்ப்பும் ஒன்றுதான்: செட்டில் ஒரு கோளாறும் இல்லை. அண்ணன் நெற்றியைச் சுருக்கி, "ஐசி தாங்க சந்தேகமா இருக்குது" என்றார்.

பிறகு, உருவிய வயரைப் பல்லால் சீவி மறுபடி மாட்டினார். மாட்டும்போது முடி மொத்தத்தில் ஒரு செம்பு இழை சிவப்பு முனையிலிருந்து தப்பிக் கறுப்பு முனையைத் தொட்டுக்கொண்டு நின்றது. ஆன் செய்தார்கள். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். டக் வரவில்லை. முகப்பில் புரொடெக்ட் மின்னியது.

அண்ணன் முகத்தில் வந்த பரவசத்தைச் சொல்ல வேண்டும். இடுப்பில் கைவைத்து வீட்டுக்காரரைப் பார்த்தார். "நான் வந்தவொடனே சொன்னனுங்களா இல்லீங்களா? போர்டுன்னு?" சொன்னார்தான். சொன்னதை நிரூபிக்கத்தான் இவ்வளவு நேரம் பிடித்தது. வீட்டுக்காரர் பயபக்தியோடு தலையாட்டி, இன்னொரு காப்பிக்கு உள்ளே குரல் கொடுத்தார்.

காப்பி குடித்தபின் சால்டரிங் அயர்ன் சூடானது. நன்றாக இருந்த இரண்டு இணைப்புகளுக்கு மறுபடி ஈயம் வைக்கப்பட்டது. அந்த நேரம் பார்த்து ஒரு திருகாணி உருண்டு டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால் போய்விட்டது. அதை எடுக்க டிவியை இழுத்தார்கள். வயர்கள் மொத்தமாகக் கழன்றன. எல்லாவற்றையும் எங்கெங்கே என்று பார்க்காமல் திரும்பச் செருகினார்கள். ஸ்பீக்கர் வயரையும் புதிதாக முறுக்கி மாட்டியாயிற்று. இம்முறை டக்கும் கேட்டது, ஓட்டையும் சரியான ஓட்டையாக அமைந்துவிட்டது. சத்தம் வந்தது. வால்யூமைச் சோதனைக்காக யாரோ உச்சியில் ஏற்றி வைத்திருந்தார்கள் போல. கதாநாயகன் பேசிய முதல் வார்த்தைக்கே அலமாரி எவர்சில்வர் எல்லாம் அதிர்ந்தது, மாடியில் தூங்கிய ஆயா எழுந்து யார் செத்துப்போனது என்று கேட்டாள்.

"டிரை சால்டருங்க" என்றார் அண்ணன், அயர்னைத் துடைத்தபடி. "சர்வீஸ் சென்டர்ல குடுத்திருந்தா போர்டையே மாத்தச் சொல்லியிருப்பானுங்க."

டீப்பாயில் இரண்டு திருகாணி மிச்சமிருந்தன. அவை கம்பெனிக்காரன் உபரியாகப் போட்டவை என்று தெரிவிக்கப்பட்டது. அண்ணன் கிளம்பவில்லை. இன்னும் பாஸ் பார்க்க வேண்டுமே. சப்வூஃபரைச் சோபாவின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நகர்த்திக்கொண்டிருந்தபோது, கதவைத் தட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரர் வந்துவிட்டார். பையனுக்கு நாளைக்குப் பரீட்சையாம், சத்தத்தைக் கொஞ்சம் குறைக்க முடியுமா என்றார்.

"குறைச்சுக்கலாமுங்க" என்று அண்ணன் எழுந்தார். "உங்கூட்டுலயும் ஒரு செட்டு இருக்குதுங்களே, அது எப்படி?"

"நல்லாத்தான் பாடுதுங்க."

"பாஸ் கொஞ்சம் உள்வாங்குன மாதிரி இருக்குமே?"

வந்தவர் ஒரு கணம் யோசித்தார். யோசித்திருக்கக் கூடாது.

"அப்படியுஞ் சொல்லலாமுங்க..."

அண்ணன் டெஸ்டரை எடுத்துச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.