செயலி மாறும் காரணம்

கேள்வி: நன்றாக ஓடும் செயலியைக் கைவிட்டு, கணினித் தயாரிப்பாளர்கள் வேறு நிறுவனத்தின் செயலிக்கு மாறுவது ஏன்? (வாசகர், ஜமுனாமரத்தூர், ஜவ்வாது மலை)

பதில்: கணினியின் கட்டளைகளை நிறைவேற்றும் சில்லாகிய செயலியை வெளியிலிருந்து வாங்குபவர், விற்பவரின் தலையெழுத்தையும் சேர்த்தே வாங்குகிறார் என்பதற்கு, புனேயில் 1988இல் தொடங்கப்பட்ட சி-டாக் நிறுவனத்தின் பரம் மீக்கணினிகளே தக்க சான்று. 1991இல் வெளிவந்த பரம் 8000, பிரிட்டனின் இன்மோஸ் நிறுவனம் வடிவமைத்த டிரான்ஸ்பியூட்டர் என்னும் செயலியைக் கொண்டிருந்தது. பக்கத்துச் செயலிகளோடு நேரே தகவல் பரிமாறுவதற்கான நான்கு இணைப்புகள் அந்தச் சில்லுக்குள்ளேயே இருந்தமையால், ஒரே கணக்கைப் பல செயலிகள் பங்கிட்டுச் செய்யும் இணைக்கணிப்புக்கு அது வெகு பொருத்தமாக அமைந்தது. ஆனால் அதன் அடுத்த தலைமுறையான டி9000 தாமதமாகிக்கொண்டே போக, பிறருடைய செயலிகள் வேகத்தில் முந்திவிட்டன. எனவே 1998இன் பரம் 10000 சன் நிறுவனத்தின் அல்ட்ராஸ்பார்க்குக்கும், அதன்பின் வந்த பரம் பத்மா ஐபிஎம்மின் பவர்4 செயலிக்கும் மாறின.

மாறுவது எளிதன்று. செயலி புரிந்துகொள்ளும் அடிப்படை ஆணைகளின் தொகுதி மாறிவிடுவதால், பழைய மென்பொருள் அப்படியே ஓடாது. மின்சிக்கனத்தை முன்னிட்டு 2006இல் பவர்பிசியை விட்டு இன்டெலுக்கு மாறிய ஆப்பிள், பழைய ஆணைகளை அவ்வப்போது மாற்றித்தரும் ரொசெட்டா என்னும் மென்பொருளையும் உடன் தரவேண்டியிருந்தது. ஒரே விற்பனையாளரிடம் சிக்கிக்கொள்ளும் இந்த நிலையைத் தவிர்க்கும் வழிகளுள் மிகவும் பாராட்டத்தக்கது, உரிமக் கட்டணமின்றி எவரும் பயன்படுத்தக்கூடிய ரிஸ்க்-ஃபைவ் ஆணைத்தொகுதியைக் கொண்டு சென்னை ஐஐடி உருவாக்கிவரும் சக்தி செயலிகள்.