சிங்கம், புறா, எருமை

தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர் கால ஓவியத்தில் சுந்தரர் வெள்ளை யானையிலும் சேரமான் பெருமாள் குதிரையிலும் கயிலைக்குப் போகிறார்கள். நாயக்கர் காலப் பூச்சுக்கு அடியில் கிடந்த இது 1931-இல்தான் வெளியுலகுக்குத் தெரியவந்தது. ஆயிரம் ஆண்டில் கலை வெகுவாக முன்னேறிவிட்டது. இன்றைய டெல்டாவில் இறந்தவர் யானைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. பந்தல் போடுமுன்பே பிளக்ஸில் ஏறிவிடுகிறார்.

‘கண்ணீர் அஞ்சலி’ பதாகையின் இலக்கணம் கறாரானது. மேல் மூலையில் ஒற்றைக் கண். அதிலிருந்து ஒரே சொட்டு, பலாக்கொட்டை பருமனில். சாதுவானவருக்குப் புறா. மற்றவர்களுக்குச் சிங்கம். உயிரோடிருந்தபோது தெருநாய்க்கு ஒதுங்கி நடந்தவர் என்பது கலைக்குத் தடையல்ல. அஞ்சலி செலுத்துவோரின் படங்கள் இறந்தவர் படத்தைவிட ஒரு சுற்றுப் பெரிதாக இருந்தால், துயரம் அவ்வளவு பெரிது என்று கொள்ள வேண்டும்.

எமனின் வாகனமான எருமைக்கு மட்டும் இதில் இடமில்லை, அபசகுனமாம். அந்தக் குறையும் பதினாறாம் நாள் காரியத்தோடு தீர்கிறது. பதாகை அவிழ்ந்து மாட்டுக்கொட்டகைக்குக் கூரையாகிறது. ஐப்பசி மழை கொட்டக் கொட்ட, சிங்கத்துக்கு அடியில் நனையாமல் நின்று எருமை அசைபோடுகிறது.