கோயிலை மாற்றலாமா, கூடாதா?

பெறுநர்: அகில இந்திய கால்பந்து சம்மேளனம், புது டெல்லி.
அனுப்புநர்: கீரிப்பாறை சாயாக்கடை பெஞ்சின் இடது ஓரம். (வலது ஓரம் சித்தப்பாவுடையது.)

மதிப்புக்குரிய ஐயாமார்களுக்கு,

கன்னியாகுமரி மாவட்டத்து மலையடிவாரத்தில், ரப்பர் மரங்களுக்கு நடுவே இருக்கும் ஊர் எங்களுடையது. விடியுமுன் நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு பால்வெட்டப் போவோம். மரத்தைக் கீறிவிட்டால், சிரட்டையில் பால் இறங்கி முடியும்வரை வேலை இல்லை. எங்கள் கால்பந்து அணியான சென்னையின் எஃப்சி உருப்படுமா என்ற விசாரணை அந்த நேரத்தில்தான் நடக்கும். 1956 நவம்பர் 1-ல் கேரளத்தோடு எல்லையைப் பிரித்தவர்கள் எங்கள் சாயாக்கடையைப் பிரிக்காமல் விட்டுவிட்டார்கள். ஆகவே பெஞ்சின் நடுவில் கேரளா பிளாஸ்டர்ஸ்காரர்கள் உட்கார்ந்து, இரண்டு பக்கமும் பார்த்துச் சிரிப்பார்கள்.

விவகாரம் இதுதான்: இரண்டாம் தடவையாக வந்த கோச் ஓவன் கோய்ல் இருக்க வேண்டுமா, போக வேண்டுமா? நாங்கள் போட்ட சத்தத்தில் ஒருநாள், ஒட்டுப்பால் சாக்கோடு வந்த பாட்டி பயந்துபோனாள். “எந்தக் கோயில மாத்தப் போறாவ? சாமி குத்தம் ஆயிராதா மக்கா?” அன்றிலிருந்து எங்கள் கட்சிக்கு ‘இடிப்பு கோஷ்டி’, சித்தப்பா கட்சிக்கு ‘திருப்பணிக் கமிட்டி’ என்று பெயர்.

சித்தப்பாவின் ஆதாரம் வலுவானது. 2019 கடைசியில் ஜான் கிரெகரி விலகியபோது அணி அடியில் கிடந்தது. கோய்ல் வந்தார். 2020 மார்ச்சில் இறுதிப்போட்டி வரை கொண்டு போனார். கொரோனா பயத்தில் ஆளே இல்லாத கோவா மைதானத்தில் ஏடிகேயிடம் 3-1 என்று தோற்றோம். “பாத்தியாலே, அந்த மனுசன் கைய வச்சா விளங்கும்!”

“சித்தப்பா, அது கோய்லுக்கு சாட்சியில்ல. பாதியில கோச்ச மாத்தினா விளங்கும்ங்கியதுக்கு சாட்சி” என்றேன். அந்த மாதம் எனக்கு வந்த ஒரே நல்ல யோசனை அது. பெஞ்சு நிசப்தமானது.

ஆனால் சித்தப்பா மறுநாள் நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். கோய்ல் போன பிறகு மூன்று சீசன், மூன்று கோச்: சாபா லாஸ்லோ, போசிதார் பாண்டோவிச், தாமஸ் பிரடாரிச். மூன்று சீசனிலும் எட்டாம் இடம். ஒரு படி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. “மாத்தி மாத்தி என்னத்தக் கண்டே?” என்றார். நான் விடவில்லை. 2017-18-ல் கோப்பை வாங்கித் தந்த கிரெகரியை அடுத்த வருஷமும் வைத்திருந்தோம். பத்து அணியில் பத்தாவதாக வந்தோம். “மாத்தாம என்னத்தக் கண்டியோ?”

பாட்டிதான் சாக்கின்மேல் உட்கார்ந்தபடி தீர்ப்புச் சொன்னாள். “பால் கொறஞ்சா மொதல்ல வெட்டுகாரனத்தான் ஏசுவாவ. பட்டை காஞ்ச மரத்துல ஆரு கத்தி வச்சா என்ன, சிரட்டை நெறையுமா?” அவள் பேசியது தோட்டத்தைப் பற்றியா, லீக்கைப் பற்றியா என்று இன்றுவரை தெளிவில்லை.

கோய்ல் திரும்பி வந்தது 2023-ல். முதல் வருஷம் ஆறாம் இடம், அடுத்தது 13 அணியில் பதினொன்றாம் இடம். நடுவில் கொச்சிக்குப் போய் 3-0 என்று உதையும் வாங்கினோம். எங்களை அப்படி உதைத்த தங்கள் கோச் மிக்கேல் ஸ்டாரேயை மூன்றே வாரத்தில் பிளாஸ்டர்ஸ் வீட்டுக்கு அனுப்பியது. அன்றைக்குத்தான் பெஞ்சின் நடுப்பக்கம் முதல்முறையாக வாயை மூடியது.

பிறகு நானும் சித்தப்பாவும் ஒரு ஏத்தங்குலை பந்தயம் கட்டினோம். அடுத்த சீசனின் முதல் ஆட்டத்தில் கோட்டுக்கு வெளியே கோய்ல் நின்றால் குலை அவருக்கு, இல்லையென்றால் எனக்கு.

இங்கேதான் ஐயா, தாங்கள் குறுக்கிட்டீர்கள். கோய்ல் 2025-லேயே பரஸ்பர சம்மதத்தோடு பிரிந்துவிட்டார். கோவாக்காரர் கிளிஃபோர்ட் மிராண்டா வந்தார். குலையைக் கேட்டுப் போனேன். “மொதல் ஆட்டம் எங்கலே?” என்றார் சித்தப்பா. ஆட்டம் இல்லைதான். லீக்கை நடத்தும் தரப்போடு 2010-ல் தாங்கள் 15 வருஷத்துக்குப் போட்ட ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடியும் என்பது, கையெழுத்துப் போட்ட அன்றே எண்ணிப் பார்த்துவிடக் கூடிய கணக்கு. ஆனாலும் தங்களுக்கு அது கோடைமழைபோல எதிர்பாராமல் வந்து சேர்ந்தது. லீக்கை நடத்துபவர்கள் சீசனை நிறுத்தி வைத்தார்கள். சென்னையின் உட்படச் சில கிளப்கள் வேலையையே நிறுத்தின. லீக்கை நடத்தத் தாங்கள் டெண்டர் விட்டீர்கள். கேட்க ஒரு ஆள் வரவில்லை. எங்கள் பக்கம் ரோட்டோரப் புளியமரத்தைக் குத்தகைக்கு விட்டால்கூட நாலு பேர் வந்து அடித்துக்கொள்வார்கள்.

கோச்சை வைக்கலாமா கூடாதா என்று வருஷக்கணக்காக மண்டையை உடைத்துக்கொண்ட எங்களுக்கு, லீக்கே வேண்டாம் என்ற மூன்றாவது வழி தோன்றாமல் போனது எங்கள் அறியாமை. இந்திய அணித் தேர்வுக்கு ஜோதிடர் யோசனை சொன்னதாக 2023-ல் பத்திரிகைகளில் படித்தோம். அவரிடமாவது ஒப்பந்தம் முடியும் தேதியைக் காட்டி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். சோழி உருட்ட வேண்டாம், காலண்டரைப் பார்த்தே சொல்லியிருப்பார்.

கடைசியில் லீக் தொடங்க 2026 பிப்ரவரி 14 என்று நாள் குறிக்கப்பட்டது. சந்தோஷம். ஆனால் குலை காத்திருக்கவில்லை. மத்தியஸ்தமாகச் சாயாக்கடைக் கூரையில் கட்டித் தொங்கவிட்டிருந்தோம். பச்சை மஞ்சளானது, மஞ்சள் கறுத்தது, கொசு மொய்த்தது. பொறுக்க முடியாமல் கடை அண்ணாச்சி மாவில் முக்கிப் பழபஜ்ஜி போட்டு விற்றுவிட்டார். பிளாஸ்டர்ஸ்காரர்கள்தான் அதிகம் தின்றார்கள்.

குலை என்னுடையது என்று நானும், தன்னுடையது என்று சித்தப்பாவும், எண்ணெய்க் காசு யார் தருவார் என்று அண்ணாச்சியும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். இரண்டு கோஷ்டியும் சேர்ந்து கையெழுத்திட்ட முதல் காகிதம் இது. தாமதம் தங்கள் தரப்பில் என்பதால் பில்லை இணைத்திருக்கிறோம்: குலை ஒன்று, மாவு, எண்ணெய், சாயா பதினேழு.

இப்படிக்கு,
இடிப்பு கோஷ்டி, திருப்பணிக் கமிட்டி.

பி.கு.: மிராண்டா இருக்கணுமா போகணுமா என்று நேற்றே ஆரம்பித்துவிட்டோம்.