லென்ஸுக்குள் குடியேறிய பூஞ்சை

கேள்வி: பழைய ஹீலியோஸ் 44-2 லென்ஸுக்குள் நூல் நூலாகப் பூஞ்சை படர்ந்துள்ளது. வீட்டிலேயே நீக்க இயலுமா?

பதில்: இயலும், ஆனால் வாடகையின்றிக் குடியேறிய பூஞ்சை எவ்வளவு சேதம் விளைவித்திருக்கிறது என்பதை டார்ச் ஒளியில் முதலில் பார்த்துவிட வேண்டும். அது கண்ணாடியை உண்பதில்லை. தூசியையும் பிசுக்கையும் உண்டு வாழ்ந்து அமிலத்தைக் கசியவிடுகிறது. அந்த அமிலம் எதிரொளிப்பைக் குறைக்கும் மெல்லிய மேற்பூச்சையும், நாள்பட்டால் கண்ணாடியையும் அரித்துவிடுவதால், பூஞ்சை போன பின்னும் தடம் போகாது. சோவியத் தயாரிப்பான இந்த லென்ஸில் ஆறு கண்ணாடிகள் நான்கு தொகுதிகளாக அமைந்துள்ளன. அவற்றைப் பிடித்திருக்கும் திருகு வளையங்களைக் கழற்றி, எந்தக் கண்ணாடி எப்பக்கம் நோக்கியிருந்தது என்பதைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, 3 விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடில் நனைத்த மென்தாளால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி அழுத்தாமல் துடைத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் முடிப்பது நன்று. பசையால் ஒட்டப்பட்ட இரு கண்ணாடிகளுக்கு இடையில் பூஞ்சை புகுந்திருந்தால் மட்டும் வீட்டு வைத்தியம் பலிக்காது. அதனைப் பழுதுபார்ப்பவரிடமே ஒப்படைக்க வேண்டும். சுத்தமான லென்ஸை ஈரத்தை உறிஞ்சித் தேக்கும் பழைய தோலுறைக்குள் மீண்டும் வைப்பது பூஞ்சையை மறுபடி அழைப்பதாகும் என்பதால், சிலிக்கா ஜெல் இட்ட காற்றுப்புகாப் பெட்டியே அதற்கு ஏற்ற இடம்.